தொழிலாளர் சட்டத்தொகுப்புகள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஆலைச் சங்கத்தில் முப்பது வருடம் வழக்கு பார்த்தவன் நான். 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்பாக மடித்து, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேளுங்கள்.

கே: ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) உண்டாமே? நான் நிரந்தரத் தொழிலாளி, மூன்று வருடம் ஆகிறது.

ப: உங்களுக்கு இல்லை. காலம் குறித்து நேரடியாக ஆள் எடுக்கிறார்களே, அவர்களுக்குத்தான் ஒரு வருடக் கணக்கு. நிரந்தரத்துக்குப் பழைய ஐந்து வருடம்தான். பணி நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கே: கைக்கு வரும் சம்பளம் குறையுமா?

ப: படிகள் (அலவன்ஸ்) மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் சேரும். ஆனால் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் பி.எஃப். பிடிக்கும் இடத்தில் பிடித்தம் மாறாது. வருமான வரிக்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

கே: எங்கள் ஆலையில் 180 பேர். எங்களுக்கு என்ன மாற்றம்?

ப: பெரிய மாற்றம். முன்பு 100 பேர் இருந்தாலே ஆலையை மூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். இப்போது அந்த எண்ணிக்கை 300. அதையும் அரசு அறிவிக்கை போட்டே இன்னும் உயர்த்திக்கொள்ளலாம். நிலையாணைகளுக்கும் (ஆலையின் எழுத்துபூர்வ வேலை விதிகள்) 300தான். மூடினால் இழப்பீடு உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்.

கே: ஐயா, நாலு வருட சர்வீஸ், பெர்மனென்ட். கிராஜுவிட்டி?

ப: முதல் பதில்.

கே: வேலைநிறுத்தத்தைத் தடை செய்யவில்லை, 14 நாள் நோட்டீஸ் மட்டும்தானே கேட்கிறார்கள்? பாரதிய மஸ்தூர் சங்கம் என்ற தொழிற்சங்கமே வரவேற்கிறதே.

ப: எல்லாத் தொகுப்பையும் அது முழு மனதாக ஏற்கவில்லை, அது இருக்கட்டும். பழைய 1947 சட்டத்தில் நோட்டீஸ் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும். இப்போது எல்லாத் தொழிலுக்கும். அந்த 14 நாளுக்குள் சமரச அதிகாரி முதல் கூட்டம் கூட்டிவிட்டால் சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. அது முடிந்து 7 நாள் வரை இறங்க முடியாது. முறிந்தால் நிர்வாகமே தீர்ப்பாயத்தில் மனு போடலாம். வழக்கு முடிந்து 60 நாள் வரை மறுபடி தடை. மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் லீவு போட்டாலும் வேலைநிறுத்தம்தான். கதவு திறந்திருக்கிறது, வாசற்படியில்தான் முள்.

கே: இந்தத் தொகுப்புகளை எதிர்த்து நடந்த 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தால் என்ன நடந்தது? நவம்பரில் சட்டம் வந்துவிட்டதே!

ப: வந்துவிட்டது, மறுக்கவில்லை தோழர். ஆனால் 2020க்குள்ளேயே நிறைவேறியது ஐந்து வருடம் கிடந்ததற்குச் சங்கங்களின் எதிர்ப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இங்கே தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கான திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். பத்தே நாள்!

கே: நிர்வாகத்தோடு தனியாகப் பேசும் சங்கத்துக்கு 51 விழுக்காடு ஆதரவு வேண்டுமாமே, அது எந்தச் சங்கத்துக்கும் இல்லாவிட்டால்?

ப: தலா 20 விழுக்காடு உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. சிறு சங்கங்கள் இப்போதே உறுப்பினர் பதிவேட்டைச் சரிபாருங்கள்.

கே: கம்பெனியே நேரடியாக 18 மாத ஒப்பந்தத்தில் எடுத்தது, போன மாதம் முடிந்தது. கிராஜுவிட்டி...

ப: உண்டு தம்பி! இன்று கேட்டவர்களில் நீ ஒருவன்தான் சரியான ஆள். நியமனக் கடிதம் இருக்கிறதா?