திருத்துநர் பதில்கள்: காலம் வேறு, சுருதி வேறு

சென்ற இதழில் என் கை பிழைத்த கதை ஒன்றை எழுதியிருந்தேன். 2003ஆம் ஆண்டு, ஏ9 பாதை திறந்து சாமான்கள் தாராளமாக வந்துகொண்டிருந்த காலம். கிளிநொச்சி கரடிப்போக்கில் இருந்த என் திருத்தகத்துக்கு ஒரு பையன் ரிவி கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, மரியோ விளையாட்டின் பாட்டு இழுக்கிறது. கனடாவிலிருந்து வந்த அண்ணா, அங்கே இப்படி இல்லை என்கிறார்" என்றான். நான் அடாப்டரைக் குற்றம் சொல்லி, புதிதொன்று போட்டு, 150 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். பாட்டு இழுத்தபடியேதான் இருந்தது. பெட்டியில் பழுதே இல்லை என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் பிடித்தது.

இதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முரசுமோட்டையிலிருந்து முருங்கன் வரை எல்லா வீட்டிலும் ஒரு மரியோ குடியிருந்திருக்கிறார் போலும்.

பழுது இல்லையென்றால் பாட்டு ஏன் இழுத்தது? எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்போது ஜெனரேற்றரில்தான் ரிவி ஓடியது. கரண்ட் குறைவு காரணமாக இருக்கலாம் அல்லவா?
— வாசகர், தருமபுரம்

ஜெனரேற்றரை விட்டுவிடுங்கள், அது பாவம். ஆனால் உங்கள் சந்தேகம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் பற்றரி வராத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் பாடகரும் சோர்ந்துபோவார். இன்னொருவன் கை மாற்றினால் திடீரென்று இளமை திரும்பும். அந்தப் பழக்கத்தில், எது இழுத்தாலும் கரண்டைக் குற்றம் சொல்வோம். நானும் அப்படித்தான் அடாப்டரை மாற்றினேன்.

கசற் றெக்கோடரில் நாடாவை இழுப்பது மோட்டார். கரண்ட் குறைந்தால் மோட்டார் சோரும், பாட்டும் சோரும். ரிவி கேமில் விளையாட்டு இருக்கும் பெட்டியையும் நாங்கள் கசற் என்றே சொல்வோம், ஆனால் உள்ளே நாடாவும் இல்லை, மோட்டாரும் இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு கிறிஸ்ரல், மாறாத வேகத்தில் துடிக்கிற ஒரு சிறு பளிங்குத் துண்டு. கரண்ட் குறைந்தால் கிறிஸ்ரல் சோம்பல்படாது. படம் குலையும், விளையாட்டு முதலிலிருந்து தொடங்கும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். மெதுவாகப் பாடாது.

காரணம் தொலைக்காட்சி முறை. நம்முடையது பால் முறை (பசுப்பால் அல்ல). அதில் திரை செக்கனுக்கு 50 தடவை தீட்டப்படுகிறது. ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் 60 தடவை. 1985இல் ஜப்பானில் மரியோவைச் செய்த நின்டெண்டோ நிறுவனத்தார் இசைக்கென்று தனிக் கடிகாரம் வைக்கவில்லை. திரை ஒருமுறை தீட்டி முடிந்ததும் (அதுதான் ஒரு படம்) இசைக் கணக்கு ஒரு படி நகரும். "இந்தச் சுரத்தை 12 படம் வரை பிடி" என்று எழுதியிருந்தால், அங்கே அது 0.2 செக்கன், இங்கே 0.24 செக்கன். ஐந்து நிமிடக் கச்சேரி ஆறு நிமிடமாகிவிடும். பாட்டு மட்டுமல்ல, மரியோவும் அவரைத் துரத்துகிற ஆமையும் சேர்ந்தே மெதுவாகிறார்கள். எல்லாம் ஒரே அளவில் குறைவதால் வீட்டில் விளையாடுகிறவருக்குத் தெரியாது. வெளியூரில் விளையாடிவிட்டு வந்தவருக்குத்தான் தெரியும்.

நீங்களே சோதிக்கலாம். முதற்கட்டத்தில் மூலையில் 400 என்று ஓர் எண் இறங்கத் தொடங்கும். அது செக்கன் அல்ல. 24 படத்துக்கு ஒன்று குறையும். 100க்கு வந்ததும் ஓர் எச்சரிக்கை ஒலி, பிறகு பாட்டு விரைவெடுக்கும். மரியோவைத் தொடக்க இடத்திலேயே நிறுத்திவைத்து, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஜப்பானியப் பெட்டியில் அந்த எச்சரிக்கை ஒலி 2 நிமிடத்தில் வரும். நம் பெட்டியில் 2 நிமிடம் 24 செக்கன். 2005இல் ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் தன் அசல் நின்டெண்டோ பெட்டியையே பொதி கட்டிக் கொண்டுவந்தார். இரண்டு முறையும் ஏற்கிற ஒரு ரிவியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதுதான் அந்த 150 ரூபாய் என் நெஞ்சில் குத்தியது.

என் மச்சான் ஜேர்மனியில் இருக்கிறார். அவருடைய அசல் நின்டெண்டோவில் சில விளையாட்டுகளின் பாட்டு மெதுவாக மட்டுமல்ல, குரலும் தடித்துக் கேட்கிறது. ஐரோப்பாவும் நம்மைப் போல 50தானே? எங்கள் பெட்டியில் ஏன் தடிக்கவில்லை?
— வாசகி, மாங்குளம்

நல்ல காது, பிள்ளை. இந்த வேறுபாட்டைக் கேட்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போயிருப்பீர்கள். தவில்காரர் காலத்தைத் தளர்த்தினால் நாகசுரத்தின் சுருதி இறங்குமா? இறங்காது. காலம் தவில்காரர் கையில், சுருதி குழலின் நீளத்தில். ரிவி கேமிலும் அப்படியே. காலம் திரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. சுருதி சிப்பின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டிகளில் அந்தத் துடிப்பு 1.79 மெகாஹேர்ட்ஸ். ஐரோப்பிய நின்டெண்டோவில் 1.66. அந்த நாட்டுக்கென்று சுரக் கணக்கைத் திருத்தாமல் விட்ட கசற்களில், காலமும் குறையும், சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும். மச்சான் கேட்ட தடித்த குரல் அதுதான்.

வன்னிக்கு வந்தவை அசல் நின்டெண்டோக்கள் அல்ல, நகல்கள். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தவை. நகல் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்: திரையை 50இல் வைத்தார்கள், நம் ரிவியில் படம் வரவேண்டுமே, துடிப்பை மட்டும் 1.77இல் வைத்தார்கள். ஜப்பானியக் கசற் அதில் ஓடும், சுருதியும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். காலம் மட்டும் குறையும்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சிப்பில் ராகம் பாடுகிறவை இரண்டு சதுர அலைக் குரல்கள். அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்து குரலின் தன்மை மாறும்: கால் பங்கு நின்றால் கூரான குரல், அரைப் பங்கு நின்றால் உள்ளே வெறுமையான, கிளாரினெட் போன்ற குரல். பல நகல் சிப்களில் இந்தக் காலும் அரையும் இடம் மாறிக் கிடக்கின்றன. நாகசுரத்துக்குக் கொடுத்த வரியைக் கிளாரினெட்டும், கிளாரினெட்டுக்குக் கொடுத்ததை நாகசுரமும் வாசித்தது போல.

ஆகவே ஜப்பானியப் பதிப்பு ஒன்று, ஐரோப்பியப் பதிப்பு ஒன்று, நம்முடையது மூன்றாவது. ஜப்பானியச் சுருதி, ஐரோப்பியக் காலம், ஒருவரும் கேட்டு எழுதாத குரல். மச்சானிடம் சொல்லுங்கள், எங்களுடையதைப் பிழை என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அவருடையது இன்னும் பிழை.

கொனாமி நிறுவனம் செய்த காசில்வேனியா விளையாட்டின் மூன்றாம் பாகத்து இசையை ஜப்பானியப் பதிப்பிலும் அமெரிக்கப் பதிப்பிலும் கைப்பேசியில் கேட்டேன். பாட்டு ஒன்றுதான், ஆனால் ஜப்பானியத்தில் ஒரு பெரிய குழுவே வாசிக்கிறது. அமெரிக்கர்களுக்கு ஏன் குறைத்தார்கள்?
— மாணவர், அக்கராயன்

தம்பி, அவர்கள் வேண்டுமென்று குறைக்கவில்லை. வயர் இல்லாமல் போய்விட்டது.

1983இல் வந்த நின்டெண்டோவின் ஜப்பானியப் பெட்டியின் பெயர் ஃபாமிகொம். அதில் ஐந்து குரல்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், பதிவு செய்த சிறு ஒலித் துண்டுகளுக்கு ஒன்று. அந்த ஒலி நேரே ரிவிக்குப் போவதில்லை. முதலில் கசற்றுக்குள் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. கசற் விரும்பினால் வழியில் தன் குரலையும் கலந்துவிடலாம். கோயில் வீதியில் மேளம் போகும்போது சந்தியில் இன்னொரு குழு வந்து சேர்ந்துகொள்வது போல என்று வைத்துக்கொள்ளும். 1989இல் கொனாமி அந்த வழியைப் பயன்படுத்தியது. வி.ஆர்.சி.6 என்ற தன் சிப்பைக் கசற்றுக்குள் வைத்து, இன்னும் இரண்டு சதுர அலையும் ஒரு வாள்பல் அலையும் சேர்த்தது. ஐந்து எட்டாயிற்று. அந்த வாள்பல் அலைதான் நீர் கேட்ட குழு. தந்தி வாத்தியம் போல ஓர் உரசல் அதற்கு உண்டு.

அமெரிக்காவுக்கான பெட்டியை 1985இல் செய்தபோது கசற் பொருந்தும் இடத்தில் இருந்த 60 பின்னை (உலோகத் தொடுமுனைகள்) 72 ஆக்கினார்கள். பின் கூடியது, ஆனால் ஒலி கசற்றுக்குப் போய்த் திரும்பும் வழி எடுபட்டுவிட்டது. கலப்பதற்கான வழியைப் பெட்டியின் அடியில் உள்ள ஒரு பொருத்துவாயில் விட்டார்கள். அதில் பொருத்துவதற்கென்று நின்டெண்டோ எதையும் விற்கவில்லை. எனவே 1990இல் அமெரிக்கப் பதிப்புச் செய்தபோது எட்டுக் குரலை ஐந்துக்குள் அடக்கி எழுதவேண்டியதாயிற்று. எனக்கு ஜப்பானியம்தான் பிடிக்கும். ஆனாலும் அந்த அடக்கி எழுதிய வேலையை இரண்டாவது தடவை கேளும். ஆள் குறைந்த கச்சேரியில் ஒருவரே இரண்டு வேலை பார்ப்பது போல, ஒரு குரல் ராகத்தைப் பாடிவிட்டு மூச்சு விடும் இடத்தில் பக்க வாத்தியமாகவும் மாறுகிறது.

செல்டா என்ற விளையாட்டின் கதையும் இதன் உறவுக்காரன்தான். 1986இல் ஜப்பானில் டிஸ்க்கில் வந்தது. டிஸ்க் கருவியில் கூடுதலாக ஒரு குரல் இருந்தது. மறு வருடம் அமெரிக்காவுக்குக் கசற்றில் போனபோது அந்தக் குரல் ஊரிலேயே நின்றுவிட்டது.

சொனிக் சீடி என்ற விளையாட்டில் அமெரிக்கர்களுக்குப் பாட்டே வேறாம். இதுவும் வயர்ப் பிரச்சினையா?
— வாசகர், வவுனியா

இல்லை, இது மனிதர் செய்தது. 1993இல் வந்த அந்த விளையாட்டுக்கு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் நவோஃபுமி ஹதாயா, மசாஃபுமி ஒகாட்டா இருவரின் இசை. அமெரிக்காவில் அதை எடுத்துவிட்டு ஸ்பென்சர் நில்சனிடம் புதிதாகச் செய்வித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டில் இறந்த காலத்துக்குப் போகலாம். அங்கே மட்டும் அமெரிக்கருக்கும் ஜப்பானியப் பாட்டுத்தான் கேட்கும். மற்றவை சீடியில் பாட்டாகப் பதிந்திருந்தன, எடுத்துவிட்டு வேறு போடுவது எளிது. இறந்த காலத்துப் பாட்டோ சிப் வாசிப்பது. விளையாட்டின் உள்ளேயே தைத்திருந்தது. 2011இல் மறுபடி வெளியிட்டபோது எது வேண்டுமோ அதைத் தெரிவு செய்யவிட்டார்கள். எது சிறந்தது என்று என்னுடன் வாதாட வரவேண்டாம். இதற்காகவே என் மருமகனும் அவனுடைய சிநேகிதனும் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள்.

சொனிக்கைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்று: 1991இல் வந்த முதற்பாகம் ஐரோப்பாவில் நம் மரியோவைப் போலவே இழுக்கும். இரண்டாம் பாகத்தில் திருத்திவிட்டார்கள். ஐந்து படத்துக்கு ஒரு தடவை இசைக் கணக்கை இரண்டு படி நகர்த்தினார்கள். 50 படத்தில் 60 படி வந்துவிடும். இவ்வளவு சின்ன வேலை! இதைப் படித்த அன்று தேநீர் ஆறும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொக்கெமொன் விளையாட்டில் ஒரு ஊரின் இசையைக் கேட்டு ஜப்பானியப் பிள்ளைகள் நோயுற்றார்களாம். உண்மையா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

கட்டுக்கதை. நோயுற்ற பிள்ளைகள் உண்டு, ஆனால் அது 1997 டிசம்பரில், பொக்கெமொன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சிமிட்டிய ஒரு காட்சியால். 600க்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். குற்றவாளி வெளிச்சம், இசையின் தலையில் போடவேண்டாம். உங்கள் பிள்ளைகளை லைட்டைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து தள்ளியிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் பழைய பெட்டியைப் பரணிலிருந்து எடுத்திருக்கிறேன். படம் வருகிறது, சத்தம் வரவில்லை. திருத்தும்போது அப்படியே பாட்டின் வேகத்தையும் ஜப்பானிய அளவுக்குக் கூட்டித் தருவீர்களா? கிறிஸ்ரலை மாற்றினால் சரிவரும் என்கிறார்கள்.
— வாசகர், முல்லைத்தீவு

சத்தத்துக்கு முதலில் என்னிடம் வரவேண்டாம். மேலே சொன்னேனே, ஒலி கசற்றுக்குள் போய்த் திரும்பும் என்று. சில நகல் பெட்டிகளிலும் அப்படியே. அந்த இரண்டு பின்னில் ஊத்தை பிடித்தால் படம் இருக்கும், குரல் போய்விடும். கசற்றின் பின்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடையுங்கள். வாயால் ஊதவேண்டாம், எச்சில் ஈரம் செம்பைத் தின்னும்.

கிறிஸ்ரல் விடயம் வேறு. காலத்தை 60க்கு ஏற்றவேண்டுமானால் துடிப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும். கூட்டினால் சுருதியும் கூடவே மூன்று அரைக் கட்டைக்கு மேல் ஏறும். மரியோ தொண்டை கட்டிய பிள்ளை போலக் கீச்சிடுவார். அதோடு, நம் ரிவிக்கு நிறத்தைச் சொல்வதும் அதே கிறிஸ்ரல்தான். அதைப் பாகம் பிரித்துத்தான் 4.43 மெகாஹேர்ட்ஸ் நிறச் சைகை பிறக்கிறது. அது மாறினால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும்.

அழிறப்பருக்கும் சத்தம் வராவிட்டால் சனிக்கிழமை பெட்டியையும் கசற்றையும் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறேன். வேகத்தில் கைவைக்க மாட்டேன். அடாப்டரும் மாற்ற மாட்டேன்.