மனமும் மைண்டும்

வணக்கம்.

அண்மையில் ஒரு சொற்பொழிவு கேட்டேன். ஆங்கில 'மைண்ட்' நம் 'மனம்' என்ற சொல்லிலிருந்து போனது என்றார் பேச்சாளர். ஒலியும் பொருளும் ஒத்துப்போகும்போது வேறென்ன சான்று வேண்டும் என்பது அவர் வாதம். இது சரிதானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இரண்டும் உறவுச் சொற்கள்தான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை. நம் 'மனம்' சம்ஸ்கிருத 'மனஸ்' வழியாக வந்தது. அந்த மனஸும் ஆங்கில மைண்டும், சம்ஸ்கிருதம், லத்தீன், ஆங்கிலம் முதலியவற்றுக்குத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் 'மென்' என்ற வேரின் கிளைகள்.

ஒலி ஒத்திருப்பதை வைத்து இதை நிறுவ முடியாது. வேறுபாடு ஓர் ஒழுங்கில் அமைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதே வேரில் வந்த சம்ஸ்கிருத 'மதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இணையான லத்தீன் சொல்லின் அடி 'மெந்த்'. ஆங்கிலத்தின் பழைய உறவுமொழியான கோதிக்கில், மைண்டுக்கு நெருங்கிய சொல் 'கமுந்த்ஸ்'. 'க' வெறும் முன்னொட்டு, பொருள் நினைவு. மதியில் மட்டும் 'ந்' எங்கே போயிற்று? இப்போது நூறைப் பாருங்கள். சம்ஸ்கிருதத்தில் 'சதம்', லத்தீனில் 'கெந்தும்', பழைய ஆங்கிலத்தில் 'ஹுந்த்'. மதி, மெந்த், முந்த். சத, கெந்த், ஹுந்த். சம்ஸ்கிருதத்தில் 'அ' என்றால் லத்தீனில் 'எந்', கோதிக்கிலும் பழைய ஆங்கிலத்திலும் 'உந்'. மூலமொழியில் ந், ம் போன்ற மூக்கொலியே உயிரெழுத்தைப் போல அசையைத் தாங்கி நின்ற இடங்கள் இவை என்று 1876இல் ஜெர்மன் மொழியியலாளர் கார்ல் புருக்மான் விளக்கினார். நான் படித்த மொழியியலில் இவ்வளவு அழகான வாதம் வேறில்லை.

கடன் போன சொல்லுக்குத் தடம் இருக்கும். 'மந்திரி'யும் இதே வேர்தான். அது மலாயில் 'மெந்தெரி' ஆகி, போர்த்துகீசியர் வாயில் 'மாந்தரிம்' ஆகி, சீன அதிகாரியைக் குறிக்கும் ஆங்கில 'மாண்டரின்' ஆயிற்று. மைண்டுக்கு அப்படியொரு கடல்வழி கிடையாது.

சிந்தனைச் சொற்கள் எல்லாமே 'மென்' வீட்டுப் பிள்ளைகள் அல்ல. பிரெஞ்சில் நினைப்பதைச் சொல்லும் 'பான்ஸே', எடைபோடும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. லத்தீனில் கிளை கழிப்பதற்கு 'புத்தாரே' என்பார்கள். அது கணக்குப் பார்ப்பதையும் கருதுவதையும் குறிக்கலாயிற்று, கம்ப்யூட்டரும் அதன் வழிவந்ததே. சம்ஸ்கிருத 'வேத', கிரேக்க 'ஒய்த' இரண்டுக்கும் 'அறிவேன்' என்று பொருள். வேரோ 'பார்' என்பது. கண்டிருக்கிறேன், ஆகவே அறிவேன். கையும் கண்ணும் செய்த வேலைகளே பிறகு உள்ளத்தின் வேலைகளுக்குப் பெயராயின.

தமிழின் சொந்தச் சொற்களான நினை, கருது, எண் ஆகியவற்றை அந்தப் பேச்சாளர் தொட்டிருக்கலாம் என்பதே என் ஆதங்கம். 'எண்ணித் துணிக கருமம்' என்கிறார் வள்ளுவர். எண்ணுவது கணக்கிடுவதும்தான், சிந்திப்பதும்தான். லத்தீனோடு கொடுக்கல் வாங்கல் இல்லாமலேயே தமிழ் வந்து சேர்ந்த இடம் அது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) கிடைத்தால் 'எண்' என்ற பதிவைப் பாருங்கள். மலையாளம், கன்னடம், தெலுங்கு வடிவங்களும் அங்கேயே இருக்கின்றன.

அன்புடன்.