ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டும் செக்கும் கம்பெனியிடம், பேஷண்ட் ரிப்போர்ட் என் போனில்: என்ன செய்வது?

கேள்வி: பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்தவள் நான். சொந்த ஊர் திருச்சி பக்கம். சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே 14 மாதமாக கோடிங் (மருத்துவப் பரிசோதனைகளுக்கு பில் போடுவதற்கான எண் குறிப்பது) செய்கிறேன். அமெரிக்காவிலுள்ள பேத்தாலஜி லேப் ஒன்றுதான் எங்கள் கிளையன்ட். சேரும்போது 2 மாதம் பயிற்சி கொடுத்து, 2 வருட பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். இடையில் போனால் ரூ.1,50,000 கட்ட வேண்டும், ஒரு வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று அதில் இருக்கிறது. டிகிரி ஒரிஜினலும், தேதி போடாமல் கையெழுத்துப் போட்ட செக் ஒன்றும் அவர்களிடம் இருக்கின்றன.

சில மாதங்களாக ஒரே ஸ்பெசிமனுக்கு (பரிசோதனைக்கு வந்த திசு மாதிரி) பிளாக் (அதிலிருந்து மெழுகில் பதித்த கட்டி) கணக்குப் பார்த்து 88342 என்ற பில்லிங் கோடைப் போடச் சொல்கிறார் டி.எல். (டீம் லீடர்). கேட்டால் ‘கிளையன்ட் சொன்னது’ என்கிறார். புராஸ்டேட் பயாப்ஸிக்கும் ஒரே வேலைக்கு ஆளுக்கொரு மாதிரி பில் போகிறது. பயந்துபோய் ரிசைன் மெயில் அனுப்பினேன். ‘ஏற்க மாட்டோம், பணத்தைக் கட்டு, இல்லையென்றால் செக்கை பேங்கில் போடுவோம், போலீஸுக்கும் போவோம்’ என்கிறார்கள். ஆதாரத்துக்காகச் சில ரிப்போர்ட்டுகளை ஸ்கிரீனிலிருந்து போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதைக் காட்டி ரிலீவிங் லெட்டர் கேட்கலாமா? நாளைக்கு அமெரிக்காவில் என்மேல் கேஸ் வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக்கு முந்தைய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்களுக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. அந்தப் படங்களைக் காட்டி எதையும் கேட்காதீர்கள். ‘லெட்டர் கொடுக்காவிட்டால் வெளியே சொல்லிவிடுவேன்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டால் போதும், இதுவரை சிவில் தகராறாக இருந்தது பாரதிய நியாய சன்ஹிதா 308-ன் கீழ், அதாவது மிரட்டிப் பறித்தல் என்று, உங்கள்மேல் புகாராகத் திரும்பும். நிலைக்குமா என்பது வேறு விஷயம். புகார் கொடுக்க ஒரு காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்துவிடுவீர்கள்.

படங்களே தனிச் சிக்கல். அமெரிக்க நோயாளியின் ரிப்போர்ட்தானே, இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-வது பிரிவில் 3 வருடம் வரை சிறை. வேலை ஒப்பந்தத்தில் கிடைத்த தனிப்பட்ட தகவலை, நஷ்டமோ ஆதாயமோ கருதி வெளியிட்டால் 72ஏ. அதற்கும் 3 வருடம் வரை. உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குப் புரிகிறது. அதை ஸ்டேஷனில் உட்கார்ந்து புரியவைக்கும் நிலைமை வரக் கூடாது.

ஆகவே அந்தப் படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். தோழிக்கும் வேண்டாம், டி.எல்.-க்கும் வேண்டாம், எனக்கும் ஈமெயிலில் வேண்டாம். பதற்றத்தில் அழிக்கவும் வேண்டாம், அது ஆதாரத்தை மறைத்ததாகப் பேசப்படலாம். போனோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். நோயாளி தகவலைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்ட விதிகளிலேயே இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. முறைகேடு நடப்பதாக நியாயமாக நம்பும் ஊழியர், தன் சட்ட வழிகளைத் தெரிந்துகொள்ள வழக்கறிஞரிடமோ, கண்காணிக்கும் அரசு அமைப்பிடமோ நோயாளி தகவலைக் கொடுத்தால் அது விதிமீறலாகக் கொள்ளப்படாது. அந்த வாசல் இவர்களைப் போல விதியில் சொல்லப்பட்ட சிலருக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது. பத்திரிகை, யூடியூப், முன்னாள் சக ஊழியர்கள் குரூப் எதுவும் அதில் வராது.

அடுத்து, நீங்கள் பார்த்தது மோசடியா என்பது. இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

புராஸ்டேட் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி பயாப்ஸியில் 12 துண்டு தனித்தனி ஜாடியில் வந்தாலும், மெடிகேருக்கு (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டம்) ஜி0416 என்ற கோடில் ஒரே ஒரு யூனிட்தான் போட வேண்டும். தனியார் இன்ஷூரன்ஸ் பலவற்றுக்கு அதே 12 துண்டும், பயாப்ஸித் துண்டைப் பார்ப்பதற்கான 88305 என்ற கோடில் 12 யூனிட்டாகப் போகும். பணம் கொடுப்பவரின் விதி வேறு, அதனால் பில் வேறு. மெடிகேர் நோயாளிக்கு 12 யூனிட் 88305 போயிருந்தால்தான் சங்கதி.

88342 அப்படியல்ல. இம்யூனோ ஸ்டெயினுக்கான (ஆன்டிபாடியைக் கொண்டு திசுவில் நிறமேற்றிப் பார்ப்பது) அந்த கோடு ஸ்பெசிமன் கணக்கில் வருவது. மார்பக பயாப்ஸி ஒன்று ஏ என்ற ஒரே ஸ்பெசிமனாக வந்து, அதிலிருந்து ஏ1, ஏ2, ஏ3 என மூன்று பிளாக் போட்டு, மூன்றிலும் ஒரே ஆன்டிபாடியைப் பார்த்தாலும் 88342 ஒன்றுதான். அதே ஸ்பெசிமனில் இரண்டாவதாக வேறொரு ஆன்டிபாடி பார்த்தால் அதற்கு 88341. உங்கள் டி.எல். சொன்னபடி பிளாக்குக்கு ஒன்று போட்டால், போடக் கூடாத இரண்டு யூனிட்டுக்கு லேப் பணம் வாங்குகிறது. ஒரு நாளில் ஒரு கோடர் எத்தனை ரிப்போர்ட் முடிக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும், பெருக்கிப் பாருங்கள்.

அந்த பில் மெடிகேர் போன்ற அரசுத் திட்டத்துக்குப் போயிருந்தால், 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் வந்த, அரசுக்குப் பொய் பில் கொடுப்பதற்கு எதிரான ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட் வருகிறது. நஷ்டத்தைப் போல மூன்று மடங்கும், ஒவ்வொரு பொய் பில்லுக்கும் தனித்தனி அபராதமும் உண்டு. டெக்சஸில் தலைமையகம் கொண்ட ஒரு பயாப்ஸி லேப், டாக்டர் ஸ்லைடைப் பார்க்கும் முன்பே தேவையில்லாமல் கூடுதல் ஸ்டெயின் போட்டு அரசுத் திட்டங்களுக்கு பில் அனுப்பியதாக வந்த குற்றச்சாட்டை 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. பேத்தாலஜியில் ஸ்டெயின் கணக்கை அங்கே எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள்மேல் வருமா? அந்தச் சட்டத்தில் ‘தெரிந்தே’ என்பதற்கு மூன்று அர்த்தம்: உண்மையிலேயே தெரிந்திருப்பது, வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வது, கொஞ்சமும் பொறுப்பில்லாமல் நடப்பது. ஏட்டளவில் கோடரும் அதற்குள் வரலாம். நடைமுறையில் குறி வைக்கப்படுவது லேபும், அதன் உரிமையாளர்களும், பில்லிங் கம்பெனியும்தான். டி.எல். சொன்னதைச் செய்த ஆரம்பநிலை கோடரைத் தேடி யாரும் சென்னைக்கு வருவதில்லை. ஆனாலும் ‘எனக்குத் தெரியும், சும்மா இருந்தேன்’ என்பதைவிட ‘எழுதிக் கேட்டேன், இப்படிப் பதில் வந்தது’ என்பது எங்கேயும் நல்ல நிலைமை. கோடர்களுக்கான சி.பி.சி. சான்றிதழ் வைத்திருந்தால் அதைக் காப்பாற்றவும் இதுதான் வழி. எனவே வேலையில் இருக்கும் மிச்ச நாளிலேயே ஆபீஸ் மெயிலில், நோயாளி பெயரோ அக்சஷன் நம்பரோ (மாதிரிக்கு லேப் கொடுக்கும் எண்) இல்லாமல், நாலே வரியில் கேளுங்கள்: ‘ஒரே ஸ்பெசிமனில் பல பிளாக் இருந்தால் 88342 எத்தனை யூனிட்? எனக்குச் சொல்லப்பட்டது சி.பி.டி. (பில்லிங் கோடுகளின் தொகுப்பு) விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. எழுத்தில் தெளிவுபடுத்தவும்.’ டி.எல்.-க்கு மட்டும் அனுப்பாமல் விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் குழுவையும் சேர்த்து அனுப்புங்கள்.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. தனியார் கம்பெனியில் முறைகேட்டை வெளியே சொல்பவருக்கு நம் நாட்டில் சட்டப் பாதுகாப்பு மிகக் குறைவு. 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றியது, தனியார் கம்பெனியைத் தொடாது. கம்பெனிகள் சட்டம் 177-ல் புகார் வழிமுறை உண்டு, ஆனால் அது பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகளுக்கும், வங்கிகளில் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய கம்பெனிகளுக்கும்தான் கட்டாயம். அமெரிக்காவில் அரசின் சார்பில் வழக்குப் போட்டு, வசூலாவதில் 15 முதல் 30 சதவீதம் வரை பங்கு பெறும் வழி இருப்பது உண்மைதான். அதற்கு அங்கே ஒரு வழக்கறிஞர் வேண்டும், வருடக்கணக்கில் ரகசியமாகக் காத்திருக்க வேண்டும். வேலை மாறும் இந்த நேரத்தில் அதைக் கணக்கில் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி பாண்டு. இதைப் பார்த்துத்தான் உங்களைப் போன்றவர்கள் ராத்திரி தூங்குவதில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் மிகச் சுலபமான பகுதி இதுதான். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவானது என்று கம்பெனி காட்ட வேண்டும். 2 மாதம் ஒரு சீனியர் கோடர் ஸ்கிரீன் பகிர்ந்து சொல்லிக்கொடுத்ததற்கு ஒன்றரை லட்சம் என்று கணக்குக் காட்டுவது கடினம். அதிலும் 24-ல் 14 மாதம் வேலை செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

கம்பெனி வக்கீல் 2025-ல் வந்த விஜயா வங்கி தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவார். 3 வருடத்துக்குள் விலகிய மேலாளர் ரூ.2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. பாண்டு என்றாலே செல்லாது என்று யூடியூபில் சொல்பவர்களை அதனால்தான் நம்பாதீர்கள் என்கிறேன். ஆனால் அது பொதுத்துறை வங்கி. அகில இந்திய அளவில் விளம்பரம், தேர்வு என மறுபடி ஆள் எடுக்கும் செலவையும் அந்த மேலாளரின் பதவியையும் சம்பளத்தையும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. ஃபிரெஷராகச் சேர்ந்த கோடரின் சம்பளத்தை அந்தத் தராசில் வைக்க முடியாது. ஒரு வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி வேலையை விட்ட பிறகு செல்லாது. கிளையன்டின் ரகசியத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் செல்லும்.

‘ரிசிக்னேஷனை ஏற்க மாட்டோம்’ என்பது வெறும் பூச்சாண்டி. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை முழுதாக வேலை செய்து முடியுங்கள். தினமும் லாகின் செய்ததற்கான மெயில் பதிவு இருக்கட்டும். பாதியில் நின்றால் ‘அப்ஸ்காண்டிங்’, அதாவது சொல்லாமல் ஓடிப்போனவர், என்று எழுதிவிடுவார்கள். போலீஸ் மிரட்டலும் அப்படியே, வேலையை விடுவது குற்றமல்ல.

சான்றிதழை வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு உரிமையும் இல்லை. பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவில் வங்கி, ஏஜென்ட் போன்ற சிலருக்குத்தான் இருக்கிறது. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞர்களான எங்களுக்கே உரிமை இல்லை என்று 2000-த்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்விச் சான்றிதழ் விற்கும் சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் போனாலே பெரும்பாலும் கூரியரில் வந்துவிடும். வராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போடலாம்.

செக்கைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. இன்றே கம்பெனிக்கு எழுதுங்கள்: இந்த எண்ணுள்ள செக் வேலையில் சேரும்போது செக்யூரிட்டியாக வாங்கப்பட்டது, நான் எந்தக் கடனும் தர வேண்டியதில்லை, திருப்பித் தரவும். வங்கிக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுக்கலாம், ஆனால் அதனால் மட்டும் 138 வழக்கு (செக் திரும்பினால் போடும் குற்ற வழக்கு) வராமல் போகாது. செக் திரும்பினால் 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கிடைத்த 15 நாளுக்குள் உங்கள் பதில் போயாக வேண்டும். பதில் போடாமல் விட்டவர்கள்தான் இந்த வழக்குகளில் தவிக்கிறார்கள்.

சம்பள பாக்கி: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு 2 வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். சம்பளத்தில் எதெதற்குப் பிடிக்கலாம் என்ற பட்டியலில் பாண்டு தொகை இல்லை. பிடித்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள்.

ரிலீவிங் லெட்டரைப் பொறுத்தவரை, அது வராவிட்டாலும் வாழ்க்கை நிற்காது. ராஜினாமா மெயில், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றைக் காட்டினால் சென்னையில் பல கோடிங் கம்பெனிகள் ஏற்றுக்கொள்ளும். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பி.எஃப். தளத்தில் ஏற்றாவிட்டால், கடைசி சந்தா வந்து 2 மாதம் கழித்து நீங்களே யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) வழியாக ஏற்றிக்கொள்ளலாம்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது பாண்டு நகல், ஆஃபர் லெட்டர், செக் எண், சான்றிதழ் வாங்கியதற்கான ரசீதோ மெயிலோ, எச்.ஆர். மிரட்டிய செய்திகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அவர் அனுப்பும் நோட்டீஸில் 88342 பற்றி ஒரு வரிகூட இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்; இருந்தால் முதலில் சொன்ன மிரட்டல் புகாருக்கு அதுவே இடம் கொடுக்கும்.