21-ஆவது வளைவு: கதை எழுதுகிறவர்களின் கேள்விகள்

சிறு வயதில் காயப்பட்டு, கற்பனைக்கும் நிஜத்துக்கும் நடுவே அல்லாடும் நாயகனை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் சேலம் பக்கம் இத்தனை பேரா! நான் மனநல ஆலோசகன். இலக்கியத்தில் வெறும் வாசகன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

என் நாயகனுக்கு 28 வயது. பிறக்காத தங்கை ஒருத்தியோடு மணிக்கணக்கில் பேசுகிறான். அவனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று டாக்டர் வாயால் சொல்ல வைக்கலாமா? (ஆத்தூர்)

அவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியுமா? முதலில் அதை முடிவு செய்யுங்கள். தெரியும் என்றால் அது பகல்கனவு. வேலை, உறவு எல்லாவற்றையும் விழுங்கும் அளவுக்குப் பகல்கனவில் மூழ்குகிறவர்களைப் பற்றி இஸ்ரேலிய உளவியலாளர் ஏலி சோமர் 2002-இல் எழுதினார். கனவு எது, நிஜம் எது என்பதில் இவர்களுக்குக் குழப்பம் வருவதில்லை. மனச்சிதைவில் குழம்புவதே அதுதான். அங்கே குரல் அழைக்காமல் வரும், பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதுபோலவே கேட்கும். உங்கள் ஆளோ கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் தங்கையைக் கூப்பிடுகிறான். டாக்டரை அனுப்பிவிடுங்கள். மனச்சிதைவு வந்தவன் இரண்டு ஆளாக மாறுவான் என்ற சினிமா நம்பிக்கையையும் அவரோடு அனுப்பலாம்.

அப்பாவிடம் அடிபட்ட நெசவாளி வீட்டுப் பையன். அடிபட்டதை 12 பக்கம் வரிசையாக நினைத்துப் பார்க்கிறான். நண்பர்கள் சலிப்பாக இருக்கிறது என்கிறார்கள். (அம்மாப்பேட்டை)

நண்பர்கள் சொல்வது சரி. அத்தகைய நினைவு எப்போதும் வரிசையாக வருவதில்லை. பல சமயம் வாசனையாக, சத்தமாக, தோளில் ஓர் இறுக்கமாகத் துண்டு துண்டாக வரும். அதுவும் பழைய விஷயமாக இல்லாமல், இப்போதே நடப்பதுபோல வரலாம். உங்கள் கையெழுத்துப் பிரதியில் ஒரு தங்கமான வரி இருக்கிறது: தறிச் சத்தம் ஓடும்வரை வீட்டில் பயமில்லை. சத்தம் நின்றால் அப்பா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அதை ஏன் ஏழாம் பக்கத்தில் புதைத்தீர்கள்? வளர்ந்தபின் அவன் ஏற்காட்டில் ஒரு விடுதியில் தங்குகிறான். மின்சாரம் போகிறது, மின்விசிறி ஓய்கிறது. அவன் கை தானாகக் காதைப் பொத்துகிறது. ஏன் என்று அவனுக்கே தெரியாது. உடன் வந்த மனைவி மெழுகுவத்தி தேடுகிறாள். இவ்வளவு போதும், அந்த 12 பக்கமும் தேவையில்லை. பேரிரைச்சல்தான் பழைய பயத்தைக் கிளப்பும் என்றில்லை, நிசப்தமும் கிளப்பும்.

1974-இல் நடக்கும் கதை. டாக்டர் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்' என்று சொல்லலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

முடியாது. அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேட்டில் அந்தப் பெயர் சேர்ந்ததே 1980-இல். உங்கள் டாக்டர் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி டானிக் எழுதிக்கொடுக்கட்டும்.

சிறு வயதில் அடிபட்டதாக நாயகி சொல்கிறாள். 'அப்படி எதுவுமே நடக்கவில்லை' என்கிறான் அவள் அண்ணன். யார் சொல்வது உண்மை என்று கடைசியில் உடைக்க வேண்டுமா? (சூரமங்கலம்)

அவசியமில்லை. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974-இல் ஒரு சோதனை செய்தார்கள். கார் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று பார்த்தவர்களிடம் கேட்டார்கள். கேள்வியில் 'மோதியபோது' என்ற சொல் இருந்தால் வந்த பதிலைவிட, 'நொறுங்க மோதியபோது' என்று இருந்தால் கூடுதல் வேகம் பதிலாக வந்தது. நினைவு அவ்வளவு இளகியது. அதற்காக அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். சட்டையின் நிறம் தவறாக நினைவிருக்கலாம். அதனால் அடி விழவில்லை என்று ஆகிவிடாது. அண்ணனுக்கும் மறக்க வேண்டிய தேவை இருந்திருக்கும், அதை எழுதுங்கள்.

எல்லாமே அவன் கற்பனை என்று கடைசி அத்தியாயத்தில் சொல்லலாமா? (ஏற்காடு)

திடீரென்று சொன்னால் வாசகர் புத்தகத்தை வீசுவார். முன்பே தடயம் வையுங்கள். சேலத்திலிருந்து உங்கள் ஊருக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. அவன் சொல்லும் பயணத்தில் பஸ் 21-ஆவதில் திரும்பட்டும். வெளியூர்க்காரர் கவனிக்கமாட்டார்; நம்மூர்க்காரர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார்.

நாயகன் நான்தான். இரவில் எழுதினால் தூக்கம் போய்விடுகிறது. (ஊர் வேண்டாம்)

அந்த அத்தியாயத்தை இப்போதைக்கு மூடிவையுங்கள். இரவில், தனியாக இருக்கும்போது அதைத் திறக்க வேண்டாம். 14416 அரசின் மனநல உதவி எண்; எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நாவலைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் வரவில்லை என்று தொடங்கினாலே போதும்.