பசை போகட்டும், பெயிண்ட் இருக்கட்டும்

கேள்வி: வணக்கம் சார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காகப் பொள்ளாச்சியில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் லேடீஸ் சைக்கிள் வாங்கினோம். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. முன்பு வைத்திருந்தவர்கள், கீறல் விழாமல் இருக்கட்டும் என்று ஃபிரேமிலும் முன் ஃபோர்க்கிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். செயின் கவரில் பிரவுன் பேக்கிங் டேப். எல்லாவற்றையும் உரித்துவிட்டேன், பசை மட்டும் வரமாட்டேன் என்கிறது. தூசி ஒட்டுகிறது, மகளின் யூனிஃபார்மில் கறை படுகிறது. பெயிண்ட் கடையில் தின்னர் வாங்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி பெட்ரோல் போதும் என்கிறான். ஆன்லைனில் ஸ்பிரே விற்கிறார்கள். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் அம்மா. உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெயில் ஆரம்பியுங்கள். பாதிக்கு மேல் வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இன்சுலேஷன் டேப் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். நாள்பட நாள்பட அது மெல்லக் கசிந்து பசைக்குள் இறங்கும். பாலக்காட்டு வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் இறங்கும். அதனால்தான் பழைய டேப்பை உரித்ததும் பசை கறுப்புப் பாகு மாதிரிப் பிசுபிசுக்கிறது. இந்தப் பசைகள் பெரும்பாலும் ரப்பரில் செய்தவை. ரப்பர் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். சோப்புத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் எண்ணெய் பட்டதும் நழுவுவது இதனால்தான்.

செய்முறைக்கு வருவோம். முதலில் சைக்கிளைக் கழுவித் துடையுங்கள். பசையில் ஒட்டிய மணலோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி பெயிண்டில் கோடு விழும். பிறகு வெயிலில் ஒரு கால் மணி நேரம் நிறுத்திவிட்டு நிழலுக்குக் கொண்டுவாருங்கள். பழைய பருத்தித் துணியைக் கிழித்து, தேங்காய் எண்ணெயில் நனைத்து, பசை இருக்கும் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். இளகிய பசைக்கு ஒரு மணி நேரம் போதும். பல வருடப் பசை என்றால் ராத்திரி முழுக்க இருக்கட்டும். இந்தக் காத்திருப்பில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். பத்து நிமிடத்தில் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் வேலைக்கு ஆகாது என்று தின்னரைத் தேடிப் போகிறார்கள்.

அவிழ்த்ததும் கட்டைவிரலால் ஒரே திசையில் தள்ளிப் பாருங்கள். பசை ஊறியிருந்தால் விரலுக்கு முன்னால் சிறு சிறு கறுப்புத் திரிகளாக உருண்டு வரும், அடியில் பெயிண்ட் பளிச்சென்று தெரியும். உருளாமல் இழுபட்டால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம், மறுபடி எண்ணெய் போட்டுக் கட்டுங்கள். விரல் போகாத இடத்துக்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டின் ஓரம் போதும். பிளேடு, கத்தி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மூன்றும் கிட்டவே வரக் கூடாது. கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் நாளைக்கே தூசி மறுபடி ஒட்டும்.

செயின் கவரில் இருப்பது வேறு கதை. பேக்கிங் டேப்பின் பசை வெயிலில் காய்ந்து மஞ்சளாக, ஓடு மாதிரி இறுகியிருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு அது மசியாவிட்டால் அடுத்து நீலகிரித் தைலம். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் வாங்கி வரும் அதே யூகலிப்டஸ் எண்ணெய்தான். பஞ்சில் நாலு சொட்டு விட்டு ஒற்றி வைத்தால் இறுகிய பசையும் இளகும். அதிலும் வராவிட்டால் மண்ணெண்ணெய். ஆனால் வெயிலில் வைத்து மண்ணெண்ணெயைத் தொடாதீர்கள். ஏறக்குறைய 38 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும், உங்கள் ஊரில் ஏப்ரல் வெயில் 40-ஐத் தொடுகிறது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். டயரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரப்பர் ஊதிப்போகும்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் முதலில் பெடல் அச்சுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். துணியில் சைக்கிளின் நிறம் வந்தால் அதோடு நிறுத்துங்கள். செகண்ட் ஹேண்ட் சைக்கிளுக்கு இது ரொம்ப முக்கியம். கம்பெனியில் அடித்த பெயிண்டைச் சூட்டில் வேகவைத்து இறுக்கியிருப்பார்கள், அது கொஞ்சம் தாங்கும். விற்பதற்காகக் கடையில் மறுபடி அடித்த பெயிண்ட் அந்த அளவுக்குத் தாங்காது. ஸ்டிக்கர் எழுத்துகள் இருக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பசையைக் கரைக்கும் எண்ணெய் ஸ்டிக்கரின் பசையையும் சேர்த்துத்தான் கரைக்கும்.

தின்னரைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பாவின் பச்சை நிற சைக்கிள் பாரில் இப்படித்தான் டேப் பசை இருந்தது. கடையில் சொன்னார்கள் என்று தின்னரில் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பசை போனது, துணியும் பச்சையானது. இரண்டாவது இழுப்பில், பாரின் ஓரத்தில் கையால் இழுத்திருந்த தங்கக் கோடு போய்விட்டது. அப்புறம் இரண்டு பெயிண்டர்களிடம் காட்டினேன். அந்த மெல்லிசான கோட்டை இருவராலும் போட முடியவில்லை. தின்னருக்குப் பசை எது, பெயிண்ட் எது என்று தெரியாது. நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோனும் அப்படித்தான்.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயாவது சூடு ஏறினால்தான் ஆபத்து. பெட்ரோலின் ஆவி எந்தக் குளிரிலும் தீப்பிடிக்கும், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைப் பிடிக்கும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இந்தச் சின்ன வேலைக்கு அது தேவையே இல்லை. அந்தத் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரே வாங்கத்தான் வேண்டுமென்றால், பெயிண்டுக்குப் பாதுகாப்பானது என்று லேபிளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். டப்பாவின் விலையைப் பார்க்காமல் நூறு மில்லி என்ன விலை ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். சிறிய டப்பா பல நேரம் அதிக விலைதான். ஒரு சைக்கிளுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

பசை போனபின் டேப் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியான நிறத்தில் தெரியலாம். அது பசை மிச்சம் அல்ல. சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்கிறது, டேப்புக்கு அடியில் இருந்தது வெளுக்கவில்லை, அவ்வளவுதான். மெழுகு பாலிஷ் போட்டால் கொஞ்சம் ஒத்துப்போகும். பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால் கவனியுங்கள். டேப்புக்குள் மழைத் தண்ணீர் புகுந்து உள்ளே துரு பிடித்திருக்கும். அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் பூசி, அதே நிற எனாமலைத் தொட்டு வைத்துவிடுங்கள். இனி கீறலுக்குப் பயந்து டேப் சுற்ற வேண்டாம்.

கேள்வி: புனலூரில் ஒரு கடையில் பசை நீக்கும் ஸ்பிரே வாங்கினேன். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. அடித்ததும் புது சைக்கிளின் பெயிண்ட் சுருங்கிவிட்டது. நான் இருப்பது செங்கோட்டையில். கேரளாவுக்குப் போய்த்தான் புகார் கொடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கம் சாமான் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள், தமிழிலும் பேசலாம். பில், டப்பா, அதில் அந்த வாசகம் இருக்கும் பக்கத்தின் போட்டோ, சுருங்கிய பெயிண்டின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சைக்கிளையும் உடனே ரீ-பெயிண்ட் செய்துவிடாதீர்கள். பில் வாங்கவில்லை என்றால் ஆன்லைனில் பணம் கட்டிய விவரமாவது கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: ரிம்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பசைக்கும் தேங்காய் எண்ணெய் போடலாமா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: கூடாது. பிரேக் கட்டை உரசும் இடம் அது. ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் பிரேக் வழுக்கும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, கொஞ்ச நேரம் ஒற்றி வைத்துத் துடையுங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனாலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காய்ந்துவிடும். ஏற்கெனவே எண்ணெய் பட்டுவிட்டது என்றால் ரிம்மை இதே ஸ்பிரிட்டால் துடைத்து, பிரேக் கட்டைகளைக் கழற்றி அவற்றின் முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். தெருவில் இரண்டு முறை ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ரோட்டுக்குக் கொண்டுபோங்கள்.