இருபதடிக் கொல்லையில் எத்தனை பழமரம் வைக்கலாம்?

கேள்வி: தாம்பரம் பக்கம் சொந்த வீடு. வீட்டுக்கு வடக்கே 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் கொல்லை சும்மா கிடக்கிறது. மா, பலா, சப்போட்டா, கொய்யா, எலுமிச்சை எல்லாம் வைக்க ஆசை. எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

மூன்றே மரம்தான். மா, கொய்யா, எலுமிச்சையில் ஒவ்வொன்று. ஓரமாக ஒரு பப்பாளி வைத்துக்கொள்ளுங்கள், அது மரக்கணக்கில் வராது. பலாவை மறந்துவிடுங்கள். சப்போட்டா மெதுவாகத்தான் வளரும் என்பார்கள், நிஜம்தான், ஆனால் பதினைந்து வருஷத்தில் கொல்லை முழுக்க அதன் நிழலாகத்தான் இருக்கும்.

மரத்துக்கு மரம் எட்டடி விட்டு, நேர்வரிசையாக இல்லாமல் மாற்றி மாற்றி வையுங்கள். ஆனால் அடிக்கணக்கைவிட வெயில்கணக்கு முக்கியம். சித்திரையில் பார்த்தால் கொல்லை முழுக்க வெயில் கொளுத்தும், அதை நம்பித்தான் எல்லோரும் குழி வெட்டுகிறார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கிவிடும். 22 அடி உயர மாடிவீடு என்றால் நண்பகலிலேயே வடக்கே 16 அடிக்கு நிழல் விழும்! தை, மாசியில் பூக்க வேண்டிய மாமரம் அந்த நேரத்தில் இருட்டில் நின்றால் இலைதான் மிஞ்சும். அதனால் மா வீட்டிலிருந்து தள்ளி, வடகோடியில், மதில்சுவரை விட்டு நாலடி உள்ளே. மாடி இருந்தால் மூன்றை இரண்டாக்கிவிடுங்கள்.

மாவில் அம்ராபாலி கிடைத்தால் வாங்குங்கள். நம் நீலத்தையும் வடக்கத்தி தசேரியையும் கலந்து உருவாக்கியது, குட்டையாக நிற்கும், தோப்புகளிலேயே இரண்டரை மீட்டருக்கு ஒன்று என்று நெருக்கி நடுகிறார்கள். கொய்யாவுக்கு லக்னோ 49 ரகம் போதும்.

சின்ன இடத்தில் மரம் வளர்ப்பது என்பது பெரும்பாலும் வெட்டுவதுதான், இதற்கு மனசு வராதவர்கள் தொட்டியில் ரோஜா வைக்கலாம். கன்று நன்றாகப் பிடித்ததும் இரண்டரை அடியில் நுனியை வெட்டுங்கள் (ஒட்டுக்கு மேலே! ஒட்டு என்றால் நல்ல ரகத்தின் குச்சியை வேறொரு நாட்டுக்கன்றின் தண்டில் சேர்த்துக் கட்டிய இடம்), பக்கத்தில் வரும் கிளைகளில் திசைக்கு ஒன்றாக மூன்று நாலை மட்டும் விடுங்கள். கை எட்டாத உயரத்துக்கு எந்தக் கிளையும் போகக் கூடாது, போனால் பழம் அணிலுக்கும் வௌவாலுக்கும்தான். கொய்யா புதுத்துளிரில்தான் காய்க்கும், எனவே வெட்ட வெட்ட நல்லது. மா அப்படியில்லை. முற்றிய கிளையின் நுனியில்தான் பூ வரும், ஆகவே காய் பறித்த கையோடு, ஆடிக்குள் வெட்டி முடித்துவிட வேண்டும். கார்த்திகையில் கத்தரியை எடுத்தால் அந்த வருஷப் பூ போச்சு. எலுமிச்சையில் காய்ந்த குச்சியை எடுத்தால் போதும்.

நடுவதை ஆடிக் கடைசி, ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி மழை கொட்டுவதற்குள் வேர் பிடித்துவிடும். களிமண் பூமி, தண்ணீர் தேங்கும் என்றால் ஓரடி மேடு கட்டி அதில் நடுங்கள். பப்பாளிக்கு இது கட்டாயம், தண்டடியில் ரெண்டு நாள் தண்ணீர் நின்றாலே அழுகிவிடும். குழிக்கு அடியில் எருவாகக் கொட்டாதீர்கள், அது மக்கி அமுங்கும்போது கன்றும் கீழே இறங்கி ஒட்டு மண்ணுக்குள் போய்விடும்.

அப்புறம், ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவை, ஒட்டு சேர்ந்துவிட்டதா என்று பார்த்து, அறுத்து எடுங்கள், விட்டால் தண்டை இறுக்கும். ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் உடனே கிள்ளுங்கள். பங்கனப்பள்ளி என்று சொல்லிக் கொடுத்த கன்றில் மேல்பாதி காய்ந்து, கீழே துளிர்த்ததை நான் அதேதான் என்று நினைத்து நாலைந்து வருஷம் தண்ணீர் ஊற்றினேன். காய்த்தது, கோலிக்குண்டு மாதிரி, வாயில் வைக்க முடியாத புளிப்பு. வீட்டில் அதை மாவடு போட்டார்கள், அது மட்டும் நன்றாக இருந்தது.