கேள்வி–பதில்: சிலைக்குப் பின்னால் ஓர் இரவு

கேள்வி: பாய்மரப் படகில் நியூயார்க் நகரத்தின் நடுவே போகலாம், இரவில் நங்கூரம் போட்டுப் படகிலேயே தூங்கலாம் என்கிறார்களே, உண்மையா? கப்பலில் வேலை பார்த்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: உண்மைதான். ஓய்வு பெற்றபின் நண்பர் ஒருவரின் 32 அடிப் படகில் நானும் போனேன். தூக்கம் பற்றி மட்டும் கடைசியில் சொல்கிறேன்.

நகரத்துக்குக் கிழக்கே உள்ள லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடற்பகுதியிலிருந்து, மன்ஹாட்டனை ஒட்டிய ஈஸ்ட் ரிவர் வழியாக நுழைந்தோம். பெயர்தான் ரிவர். இரண்டு முனையிலும் கடல் என்பதால், ஏற்ற வற்றத்துக்கேற்ப சுமார் ஆறு மணி நேரத்துக்கொரு முறை ஓட்டம் திரும்பிவிடும். ஹெல் கேட் வளைவில் அது 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வரை இழுக்கும். உங்கள் ஊர் மீனவர்கள் நீவாடு என்பார்களே, அதேதான். எங்கள் எஞ்சின் முக்கி முனகினால் 6 நாட். எதிர்த்துப் போயிருந்தால் கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் எங்களை முந்தியிருப்பார்கள். வற்றத்தில் ஓட்டம் நாங்கள் போகும் பக்கம் திரும்பும். அது தொடங்கும்வரை காத்திருந்து, அதன் முதுகிலேறி வந்தோம். அங்கே கிடந்த பெரும்பாறையை 1885-ல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆனாலும் சுழல் போகவில்லை. சுக்கான் கையிலேயே துள்ளியது.

ப்ரூக்ளின் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே 127 அடி. எங்கள் பாய்மரம் அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் அடியில் போகும்போது நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்!

சுதந்திர தேவி சிலைக்குப் பின்னால், நியூஜெர்சி ஓரமாக நங்கூரம் போட்டோம். சிலை நிற்கும் தீவை 150 கஜத்துக்குள் நெருங்கக்கூடாது. சரி, தூக்கம்? ஃபெரிகளும் இழுவைப் படகுகளும் கிளப்பும் அலை ஓயவே இல்லை. காபி டம்ளர் மேசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது. ஈரத்துண்டை மடித்து அடியில் வைத்தபிறகுதான் நின்றது. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், கரை விளக்குகள் இடம் மாறியிருக்கின்றன! சங்கிலியைக் குறைவாக விட்டிருந்தேன், படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர்ந்திருந்தது. ஆழத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு விட வேண்டும் என்று பயிற்சிப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அப்புறம் விடியும்வரை மேல்தளத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தேவியின் முதுகு நன்றாகத் தெரிந்தது.

போவதென்றால் செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவர்கள் கூடும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மன்ஹாட்டன் ஓரத்து நீர்வழியை அப்போது அடைத்துவிடுவார்கள்.